ஒரிஜினல் பார்த்தவர்

சினிமா பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், பார்க்காதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டு கூட்டத்தாலும் ஊருக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது. ஒரிஜினல் பார்த்தவர்கள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். ஏதாவது ஒரு படத்தின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். "பாத்தேன், பரவாயில்ல" என்றால் எதிரில் இருப்பவர் நம்மைப் போல ஒருவர். அப்படிச் சொல்லாமல், நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்து, கண்ணைப் பாதி மூடி, எப்போதோ சாப்பிட்ட அல்வா இன்னும் பல்லிடுக்கில் இருப்பது போல வாயை அசைத்துவிட்டு, "நீங்க ஒரிஜினல் பாத்திருக்கீங்களா?" என்று மெதுவாகக் கேட்கிறாரா? எழுந்துவிடுங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லுங்கள். பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் சொல்லுங்கள்.

எழுந்து போக முடியாதவர்கள் பாவம். அதாவது, அவரோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்கிறவர்கள். புனேயில் நிக்டிப் பக்கம் இருக்கும் பாமா முப்பத்திரண்டு வருடமாக அப்படி ஒருவரோடு வாழ்கிறாள். அவள் கணவர் ராம்பிரசாத்துக்கு நடந்ததுதான் இது.

ராம்பிரசாத்துக்கு வயது அறுபத்தொன்று. கட்கியில் பிறந்து வளர்ந்தவர். பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் முப்பத்துமூன்று வருடம் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். மேஜையில் மாதிரிக்கு ஓர் உருப்படி இருக்கும். உள்ளே வருகிற ஒவ்வொன்றையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்து, மயிரிழை பிசகினாலும் சிவப்புப் பெயிண்டால் ஒரு தீற்று தீற்றி ஒதுக்கிவிட வேண்டும். அவர் ரிடையரானபோது மாதிரி உருப்படியைக் கம்பெனி வைத்துக்கொண்டது. சிவப்புப் பெயிண்ட் அவரோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எது தப்பியது? முனைக் கடையில் பாவோடு தின்னும் மிசல், அந்தக் கடைக்காரரின் அப்பா காலத்து மிசல் மாதிரி இல்லை. புனேக் குளிர், ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போட வைத்த எண்பதுகளின் குளிர் மாதிரி இல்லை. லோக்கல் ரயிலின் ஊதல் பழைய ஊதல் இல்லை. மாம்பழம் மாம்பழமில்லை. ஒருநாள் சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவையும், அதன் கீழே உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்த பாமாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"சொல்லிடுங்க," என்றாள் பாமா. "மனசுல வெச்சுக்காதீங்க."

இதெல்லாம் வீட்டுக்குள் நடக்கிற வரை சிரித்துவிட்டுப் போகலாம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருநாள் சிரிக்க முடியாமல் போயிற்று.

ராம்பிரசாத்துக்கு ஒரே தம்பி, முகுந்த். பத்து வயது இளையவன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அவனைப் படிக்கவைத்து ஆளாக்கியது அண்ணன்தான். முகுந்துக்குத் தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவன் மனைவி ஸ்ரீவித்யா நோயில் விழுந்து இறந்துபோனாள். இரண்டு வருடம் தனியாகச் சமைத்து, பாதி நாள் சமைக்காமல், துரும்பாக இளைத்துப்போன பிறகு, தேஹு ரோட்டுத் தமிழ்க் குடும்பத்தில் ஷீலா என்ற கணக்கு டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டான். புது ஜோடியை நிக்டிக்கு விருந்துக்குக் கூப்பிட்டார்கள். வெறுங்கையோடு வரக்கூடாதென்று ஷீலா சேமியாப் பாயசம் செய்து எடுத்துக்கொண்டு வந்தாள். தன் கையாலேயே எல்லோருக்கும் பரிமாறினாள்.

ராம்பிரசாத் ஒரு வாய் குடித்தார். நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். கண்ணைப் பாதி மூடினார். பாமா அப்பளத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நல்லா இருக்கும்மா. ஆனா ஸ்ரீவித்யா ஒரு பாயசம் பண்ணுவா பாரு..."

"ஏங்க, அப்பளம் போட்டுக்கோங்க," என்றாள் பாமா.

"...அவ முந்திரிய உடைக்கவே மாட்டா. முழுசு முழுசாப் போடுவா. அது ஒரு தனி இது."

ஷீலா கரண்டியைப் பாத்திரத்துக்குள் சத்தமில்லாமல் வைத்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, அழிக்க மறந்துவிட்ட கோலம் மாதிரி. முகுந்த் கையைக் கழுவிவிட்டு வந்து, "கிளம்பறோம் அண்ணா," என்றான். சாயங்காலம் போனில் ஒரே ஒரு வரி சொன்னான்: "ஷீலா யாரோட ரீமேக்கும் இல்ல, அண்ணா." அத்தோடு பேச்சு நின்றது.

தப்பு செய்தோம் என்று ராம்பிரசாத் நினைத்தாரா? இந்த இனத்தைப் பற்றி உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. "பாயசத்தப் பத்தி ஒரு அபிப்பிராயம் சொன்னேன். அதுக்கு இவ்வளவா?" என்றார். "சின்னவன்தான் வரணும். வருவான். நான் இங்கதானே இருக்கேன்?" என்றார். அவர் அப்படிச் சொன்னதற்கு ஒரு படம் காரணம்.

படத்தின் பெயர் 'மாடியில் அப்பா'. எண்பத்தேழில் வந்தது. கட்கிப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியாகத் தமிழ்ப் படம் போடுவார்கள். இருபத்துமூன்று வயது ராம்பிரசாத் பதின்மூன்று வயது முகுந்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார். மாடியில் அப்பா, கீழே மகன், இடையில் பன்னிரண்டு படி, பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை. என்ன சண்டை என்று படத்தில் சரியாகச் சொல்லவில்லை. குடும்பப் படத்தில் அதையெல்லாம் யார் கேட்டார்கள்? கடைசிக் காட்சிதான் படம். அதை ராம்பிரசாத் சொல்லிக் கேட்க வேண்டும். கல்யாண வீடு, காதுகுத்து, அபார்ட்மெண்ட் சொசைட்டி மொட்டை மாடியில் நடக்கும் கூட்டம், எங்கே நாலு பேர் கிடைத்தாலும் சொல்வார். மகன் ஒவ்வொரு படியாக ஏறுவான். அப்பா முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பார். மகன் காலில் விழுவான்.

"திரும்ப மாட்டார்! திரும்பவே மாட்டார்! கை மட்டும் வரும். இப்படி... மெதுவா... தலை மேல. அதுதான் நடிப்பு!"

சொல்லிவிட்டு, பக்கத்தில் யார் தலை கிடைக்கிறதோ அதன் மேல் தன் கையை வைத்துக் காட்டுவார். நிக்டியில் அந்தக் கை படாத தலை குறைவு.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் படத்தை இந்தியில் எடுத்தார்கள். இந்த இனத்துக்கு ரீமேக் பிடிக்காது என்று நினைக்கிறீர்களா? ரீமேக் வராவிட்டால் இவர்களுக்குப் பிழைப்பே இல்லை! விளம்பரம் வந்த நாளிலிருந்து ராம்பிரசாத் பத்து வயது குறைந்தவர் போல நடமாடினார். படத்துக்குப் பெயர் 'பாபூஜி ஊபர் ஹை'.

"பேர கேட்டியா? அப்பா மேல இருக்காராம். மாடியிலயா, மேலோகத்துலயா? பேர கேட்டதுமே பத்து நாள் காரியம் முடிஞ்ச மாதிரி இருக்கு," என்றார்.

மகள் தீப்தி டிக்கெட் எடுத்தாள். ஹிஞ்சவடியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், இருபத்தேழு வயது. புனேயிலேயே பிறந்ததால் அவள் தமிழ் நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மராட்டிக்குப் போய்விட்டு வரும். "அப்பா, ஏக் ப்ராமிஸ். உள்ள பேசக் கூடாது. அவ்வளவுதான்," என்றாள்.

"நான் எதுக்குப் பேசறேன்?" என்றார் ராம்பிரசாத்.

படம் ஆரம்பித்து மூன்றாவது நிமிடத்தில் பேசினார். ஒரிஜினலில் ஓட்டு வீடு, இங்கே பங்களா. ஒரிஜினலில் மரப்படி, இங்கே சுருள் மாடிப்படி, அதில் எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது படி. ஒரிஜினலில் பேத்தி டம்ளரில் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போவாள். இங்கே பேரன் போனை நீட்டி, மாடியில் இருக்கும் தாத்தாவுக்குக் கீழே இருக்கும் அப்பாவை வீடியோவில் காட்டினான். "கஞ்சி எங்கடா?" என்றார் ராம்பிரசாத். "கஞ்சிதானே படமே!" முன் வரிசையில் ஒரு மராட்டிக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினாள்.

"காகா, ஜரா ஷாந்த் பஸா நா."

பேசாமல் உட்காரச் சொல்கிறாள். அதற்கெல்லாம் இவர் அசைவாரா? "நீங்க ஒரிஜினல் பாத்திருக்கீங்களா?" என்று மராட்டியிலேயே கேட்டார்.

"ஓ, சின்னப் பிள்ளையா இருக்கும்போது பாத்திருக்கேன். மராட்டி நாடகம்தானே?" என்றாள் அந்த அம்மாள். திரும்பிக்கொண்டாள்.

ராம்பிரசாத்துக்கு அடுத்த இருபது நிமிடம் பேச்சு வரவில்லை. பாமா அந்த இருபது நிமிடத்தில்தான் படம் பார்த்தாள்.

கடைசிக் காட்சி வந்தது. மகன் கீழே நிற்கிறான். பாபூஜி மேலிருந்து இறங்கி வந்தார், பத்தொன்பது படியும். மகனைக் கட்டிக்கொண்டார். தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. பாமா அழுதாள், தீப்தி அழுதாள். ராம்பிரசாத் மட்டும் எழுந்து நின்றுவிட்டார்.

"அப்பா இறங்கறாரா? அப்பா எப்படி இறங்கலாம்?"

வெளியே வந்து காரில் ஏறியும் அடங்கவில்லை. "பெரியவங்க இறங்கி வர்றதா? சின்னவன் ஏறிப் போகணும். அதுதான் கதை, அதுதான் மரியாத. அதையே மாத்திட்டானுங்க. பெரியவன் எங்கயாவது இறங்கி வருவானா?"

பாமா ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்: "தளேகாவுக்குப் படி ஒண்ணும் இறங்க வேண்டாம். ரயில்ல போலாம்."

தீப்தி காரில் பாட்டைப் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தீப்தி இணையத்தில் எங்கேயோ துழாவி 'மாடியில் அப்பா'வைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. அப்பாவுக்கு ஒரு சந்தோஷம் என்றுதான் செய்தாள். ராம்பிரசாத் மத்தியானச் சாப்பாட்டைச் சீக்கிரமாக முடித்துக்கொண்டு, சட்டை மாற்றி, விபூதி இட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தார். முப்பத்தெட்டு வருடத்துக்குப் பிறகு!

எழுத்து ஓடியது. 'மூலக்கதை: மராட்டி நாடகம்' என்று பெரிதாக, பூ வரைந்த கட்டத்துக்குள் வந்தது.

தீப்தி தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். "ம...ரா...ட்...டி... அரே! அப்பா, அந்த ஆன்ட்டி கரெக்டா சொன்னாங்க!"

"தழுவலுக்கும் ரீமேக்குக்கும் வித்தியாசம் இருக்கு," என்றார் ராம்பிரசாத். என்ன வித்தியாசம் என்று சொல்லவில்லை.

படம் போயிற்று. அவர் அடிக்கடி பாடிக் காட்டும் சோகப் பாட்டு வரவில்லை. அது வேறு படத்துப் பாட்டு. அப்பாவுக்கு நரைமீசை இருந்ததாக அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், மீசையே இல்லை. கஞ்சி வந்தது. ஆனால் அதைக் கொண்டுபோனது பேத்தியல்ல, வேலைக்காரர். ஒவ்வொன்றுக்கும் பாமா கணவரைத் திரும்பிப் பார்ப்பாள், அவர் டிவியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். "இது டிவிக்காக வெட்டின காப்பி," என்று ஒரு தடவை சொன்னார். குரலில் தெம்பில்லை.

கடைசிக் காட்சி. மகன் முதல் படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறான், ஏறவில்லை. மேலே நாற்காலி நகர்கிற சத்தம். செருப்புச் சத்தம். அப்பா வருகிறார். நாலாவது படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறார். பிறகு மிச்சப் படிகளையும் இறங்கி, மகன் எதிரில் நின்று, "சாப்ட்டியா?" என்று கேட்கிறார்.

அவ்வளவுதான் படம். வணக்கம் போட்டுவிட்டார்கள்.

"திருப்பிப் போடு," என்றார் ராம்பிரசாத்.

தீப்தி திருப்பிப் போட்டாள். அப்பா இறங்கினார்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் அப்பா இறங்கினார்.

தீப்தி ஏதோ சொல்லிச் சிரிக்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ராம்பிரசாத் எழுந்து பால்கனிக்குப் போய் நின்றார். தலை மேல் வைத்த அந்தக் கை எந்தப் படத்திலிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவருக்கு அது கடைசிவரை ஞாபகம் வரவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. யாரும் எடுக்காத ஒரு காட்சியை நம்பி, தம்பி ஏறி வருவான் என்று மூன்று வருடம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார்.

பாமா காபியோடு வந்து பக்கத்தில் நின்றாள். "நான்கூட முப்பது வருஷமா நீங்க சொன்னதத்தான் படம்னு நம்பிட்டிருந்தேன்," என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

"நான் அன்னிக்குப் பாயசத்தப் பத்திப் பேசியிருக்கக் கூடாது, இல்ல?"

"அன்னிக்கே அப்பளம் போட்டுக்கச் சொன்னேன்," என்றாள் பாமா.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராம்பிரசாத் தனியாக ஆகுர்டி ஸ்டேஷனில் லோணாவாலா லோக்கல் ஏறினார். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. 'முகுந்த், நான் ஒண்ணு சொல்லணும்' என்று ஒரு வாக்கியம் தயார் செய்தார். அதை அழித்து, தேஹு ரோட்டில் இன்னொன்று செய்தார். கோராவாடி வரும்போது, முதலில் யோசித்ததே இதைவிட நன்றாக இருந்தது என்று தோன்றியது. தளேகாவில் இறங்கியபோது கையில் எந்த வாக்கியமும் இல்லை.

கதவைத் திறந்தது ஷீலா. கையில் சிவப்புப் பேனா. உள்ளே மேஜை மேல் பரீட்சைப் பேப்பர் அடுக்கியிருந்தது. ஒரு நொடி திகைத்தவள், "வாங்க மாமா," என்று வழிவிட்டாள். "அவரு காய்கறி வாங்கப் போயிருக்காரு. இப்ப வந்துடுவாரு." தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். எதிரில் உட்காரவில்லை, நின்றாள்.

ராம்பிரசாத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். "ஷீலா," என்றார். "அன்னிக்கு நீ கொண்டுவந்த பாயசம் நல்லா இருந்தது."

ஷீலா காத்திருந்தாள். மின்விசிறி சுற்றியது. கீழே தெருவில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பாமல் இருமியது. முப்பத்துமூன்று வருட சர்வீஸ் ராம்பிரசாத்துக்குள் நின்றுகொண்டு கதவைத் தட்டுகிறது. அவர் திறக்கவில்லை.

"அவ்வளவுதான்," என்றார்.

"'ஆனா' வரும்னு பாத்துட்டிருந்தேன்."

"வராது."

ஷீலா முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"மாமா, உங்க மேல எனக்குக் கோபம் எதுக்குன்னு அவருக்கே தெரியாது. ஸ்ரீவித்யா அக்கா பேர நீங்க சொன்னதுக்கு இல்ல. இந்த வீட்டுல அவங்க பேர யாருமே சொல்றதில்ல. இவரு மூச்சு விட மாட்டாரு. அவங்க எப்படிச் சிரிப்பாங்க, எதுக்குக் கோவிச்சுப்பாங்க, எனக்குக் கேக்கணும்னுதான் இருக்கு. நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க. ஆனா என் கையில கரண்டி இருக்கும்போது சொன்னீங்க பாருங்க. அதான்."

ராம்பிரசாத் தலையைக் குனிந்துகொண்டார். "தப்புதான்மா," என்றார். ரயிலில் செய்த எந்த வாக்கியத்திலும் இந்த வார்த்தை இல்லை.

வாசலில் பை வைக்கும் சத்தம். "யாரு செருப்பு இது?" என்று கேட்டுக்கொண்டே முகுந்த் உள்ளே வந்தான். அண்ணனைப் பார்த்தான். மூன்று வருடத்துக்கு உண்டான வசனம் அவனிடம் நிச்சயம் இருந்திருக்கும். ஆனால் வாயில் வந்தது, "இந்த வெயில்ல நடந்தா வந்த? போன் பண்ணா ஸ்டேஷனுக்கு வந்திருப்பேன்ல?" என்பதுதான். கோபமாகத்தான் கேட்டான். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

சாப்பாட்டில் பேச்சு சுற்றி வளைத்து அந்த இந்திப் படத்துக்கு வந்தது. முகுந்தும் ஷீலாவும்கூடப் பார்த்திருந்தார்கள்.

"நீ பாத்தியா அண்ணா?"

"பாத்தேன்டா. நல்லாத்தான் எடுத்திருக்கான்."

முகுந்த் சாதம் பிசைவதை நிறுத்தினான். நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். கண்ணைப் பாதி மூடினான்.

"என்ன அண்ணா சொல்ற? குப்பை! ஒரிஜினல் பாத்தவன் சொல்ற பேச்சா இது? கடைசியில அப்பா இறங்கறாராம், அப்பா! ஒரிஜினல்ல பையன்தானே ஏறிப் போவான்? ஷீலா, நீ பாத்ததில்லையே. அவரு திரும்பவே மாட்டாரு. கை மட்டும் வரும். இப்படி..."

முகுந்த் பக்கத்தில் இருந்த தலை மேல், அதாவது ஷீலாவின் தலை மேல், எச்சில் படாத கையை வைத்துக் காட்டினான். ஷீலா ராம்பிரசாத்தைப் பார்த்தாள். அந்தப் படம் இணையத்தில் இருக்கிறது, முந்தின நாள்தான் அந்தக் காட்சியை மூன்று தடவை பார்த்தது, வேண்டுமென்றால் இந்த நிமிடமே தீப்தியிடம் கேட்டுத் தம்பிக்குப் போட்டுக் காட்டலாம். இதுவரை வாழ்ந்த ராம்பிரசாத் இதற்காகச் சோற்றை விட்டே எழுந்திருப்பார்.

"இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தும்மா," என்றார்.

அவர் திருந்திவிட்டார் என்று யாரும் அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து பாமாவுக்குப் போன் செய்தார். எல்லாம் நல்லபடி முடிந்தது, அடுத்த ஞாயிறு அவர்கள் நிக்டிக்கு வருகிறார்கள் என்று சொன்னார். அப்புறம், "இந்தத் தளேகாவ் இருக்கே, முன்ன மாதிரி இல்ல பாமா," என்று ஆரம்பித்தார். பாமா போனை மேஜை மேல் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். அவள் திரும்பி வந்தபோதும் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். அவளுக்கு அன்றைக்கு அது காதுக்கு இதமாக இருந்தது.

உங்களுக்கு இதில் சம்பந்தமில்லை, இது யாரோ ராம்பிரசாத்தின் கதை. நல்லது. ஆனால் இதைப் படித்துக்கொண்டே வரும்போது, நடுவில் எங்கேயோ, உங்கள் முதுகு நாற்காலியில் கொஞ்சம் பின்னால் சாய்ந்ததா? 'இந்த மாதிரி கேலியெல்லாம் அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் எழுதினார்களே, அது எழுத்து, இவன் என்ன எழுதுகிறான்' என்று உதடு ஒரு பக்கமாகப் பிதுங்கியதா? இல்லை என்றால் ரொம்ப சந்தோஷம். ஆமாம் என்றால், உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்தில் இருப்பவரிடம் இப்போது சொல்லாதீர்கள். அவர் இன்னும் படித்து முடிக்கவில்லை.